முனியாண்டி கோயில் வளைவில் ஒரு குட்டி ஜீப்

போன சனிக்கிழமை ஒரு பழைய ஜீப்பைப் பார்க்கப் போனேன். நான் அதைப் பார்த்தேனா, அது என்னைப் பார்த்துக்கொண்டதா... நீங்களே சொல்லுங்கள்.

என் மனைவி கமலா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி டீச்சர். எங்கள் வீடு இருக்கும் ரஹாங்கிலிருந்து தினமும் கொண்டுபோய் விடும் டிரைவர் அடியேன். மழை பெய்தால் எங்கள் கார் செம்மண் சாலையில் பாதியிலேயே படுத்துவிடும். மீதி தூரத்தை டீச்சரம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். இந்த மழைக்காலமும் அப்படித்தானா?

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மாணிக்கம் ஓய்வு பெறுகிறார். தன் குட்டி ஜீப்பை விற்கிறார். நான் பெரிய நிபுணன் மாதிரி டயரை உதைத்தேன் — கால் வலித்தது. பானெட்டைத் திறந்து "ம்ம்ம்" என்றேன். எதைப் பார்த்து என்று மட்டும் கேட்காதீர்கள்.

"ஓட்டித்தான் பாருங்களேன் சார்" என்று டிரஸ்ஸர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கமலா என் பக்கத்தில்.

எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, வளைவில் முனியாண்டி கோயில். யாரும் கும்பிடாமல் தாண்டுவதில்லை. ஓட்டுபவர்கள் ஒரு கையை நெஞ்சில் வைப்பார்கள். எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம் — வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் கும்பிட்டேன். கண்ணை வேறு மூடினேன்!

இதற்காகவே காத்திருந்தது போல வண்டி இடப்பக்கம் இழுத்தது. கண்ணைத் திறந்தால்... முன்சக்கரம் சாலையோர லோங்காங்கில், அதாவது வடிகாலில்.

"ஐயோ, போச்சு! கமலா, குதி! புள்ளைங்கள பாத்துக்க!"

அலறி முடித்தபோதுதான் தெரிந்தது — வண்டி எப்போதோ நின்றுவிட்டது.

"லோங்காங் முழங்கா ஆழம்கூட இல்ல. எங்கங்க குதிக்கிறது?" என்றாள் கமலா.

"நீங்க கும்பிட்டா பத்தாதா சார்? வண்டியயுமா தலை குனிய வைக்கிறது?" என்று சிரித்தார் டிரஸ்ஸர். "ஃபோர் வீல் போட்டு ரிவர்ஸ் எடுங்க லா!"

எடுத்தேன். ஒரு முனகல், ஒரு குலுக்கல் — ஜீப் சாலைக்கு ஏறிவிட்டது!

கமலா இறங்கிச் சேறு படிந்த சக்கரத்தைப் பார்த்தாள். "எடப்பக்கம் இழுக்குதுண்ணே. அத மட்டும் சரி பண்ணிக் குடுங்க, எடுத்துக்கிறோம்."

"அலைன்மெண்ட்தான் டீச்சர். நாளைக்கே பண்ணிர்றேன்."

"விழுந்த வண்டியையா வாங்கறது?" என்றேன்.

"விழ வச்சது நீங்க. ஏறுனது அது."

நாம் பெயிண்டைப் பார்க்கிறோம். விழுந்தால் எழுமா என்று மனைவிமார் பார்க்கிறார்கள். என்னையும் அப்படிப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டாளோ?

இந்த வாரம் நல்ல மழை. ஜீப் புண்ணியத்தில் கமலாவின் செருப்பு காலிலேயே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. கோயில் வளைவில் என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். எனக்கும் சேர்த்து அவளே கும்பிடுகிறாள் — என் பங்குக்குத்தான் கொஞ்சம் அதிக நேரம்!