பேசக்கூடாத எம்.பி.

சென்ற வாரம் எங்கள் பழைய கடைத்தெருவான ஆரியசாலையில் ஒரு மாடிப்படி ஏறும்போது, கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் வாசனை மூக்கில் வந்து மோதியது. வங்காளத்துப் பையன்கள் சிலர் அங்கே தங்கிக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். கூட வந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கை முழுவதும் எனக்கு அந்த வாசனையோடுதான் ஞாபகம் இருக்கிறது, என்ன செய்ய!

தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்த சமயம். பி.காம். முடித்துவிட்டு, 'உத்தியோகம் கிடைக்கும்வரை' என்று சொல்லிக்கொண்டு பெரியப்பாவின் எண்ணெய்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். உத்தியோகம் கிடைக்கவில்லை, கடைக்கும் என்னால் பெரிய பிரயோஜனம் இல்லை. கடைக்கு மேலிருந்த அறையை, ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குப் பெரியப்பா வாடகைக்கு விடுவார். அப்படி வந்தவர்கள்தான் அந்தப் பங்களாதேஷ் தம்பதி. அவர் ஆற்றோரத் தொகுதி ஒன்றின் முன்னாள் எம்.பி. இங்கே தொண்டையில் ஆபரேஷன். பெயரை எழுதப்போவதில்லை. பேரன் யாராவது படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தால் எனக்குத் தாங்காது.

வந்த மறுநாளே அவர் மனைவி கீழே இறங்கிவந்து கடுகெண்ணெய் கேட்டார். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் ஆளும் கடையில் கடுகெண்ணெய்க்கு எங்கே போவது?

"லேய், எதுக்காம்? முட்டுவலியா?" என்றார் பெரியப்பா.

"மீன் பொரிக்கவாம் பெரியப்பா."

"மீனா! ஆண்டவனே!"

திட்டிக்கொண்டேதான் எங்கிருந்தோ ஒரு டின் வரவழைத்தும் கொடுத்தார். அந்த அம்மா சினிமா பார்த்து இந்தி கற்றவர். நான் பரீட்சை எழுதி, அதுவும் இரண்டாம் தடவையில் தேறியவன். அவர் இந்தி ஆறுபோல் ஓடும், நான் கரையில் நின்று கைகாட்டுவேன். ஆனாலும் தெருவுக்கு மொழிபெயர்ப்பாளன் நான்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். அடுத்த பரிசோதனைவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, ரகசியம்கூடப் பேசக்கூடாது. யாரிடம் சொல்கிறார் பாருங்கள்! மாணவராக இருந்தபோது படகின் முனையில் ஏறி நின்று இரு கரைக்கும் கேட்கப் பேசியே தலைவரானவர். பேசியதற்காக ஜெயிலுக்குப் போனார், வெளியே வந்தும் பேசினார், பேசியே பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டார், பேசியே எம்.பி. ஆனார். கடைசித் தேர்தலில் கொஞ்சம் கூடுதலாகப் பேசித் தோற்றார். இதையெல்லாம் சொன்னது அந்த அம்மா. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வார். எம்.பி. கையில் ஒரு சிலேட்டு இருக்கும். பொறுக்கமாட்டாமல் அதில் மறுப்பு எழுதி நீட்டுவார். அந்த அம்மா படித்துப் பார்த்து, முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே சொல்வார்.

சிரித்தோமே தவிர, விஷயம் சிரிப்பில்லை. அங்கே மறுபடி தேர்தல் வரப்போகிறது என்று செய்தி வந்திருந்தது. குரல் திரும்பினால் நிற்பார். திரும்பாவிட்டால் அவ்வளவுதான், அவருடைய அரசியல் முடிந்தது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் வாயை அசைத்துப் பார்ப்பாராம். அதைச் சொன்ன அன்று மட்டும் அந்த அம்மா சிரிக்கவில்லை.

அறையில் அடைந்து கிடக்க அவரால் ஆகுமா? கீழே வந்து கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். ஓட்டுக் கேட்ட கை, சும்மா இருக்குமா! எம்.பி. என்றதும் எங்கள் ஆட்களுக்கு அவர் எந்த நாட்டு எம்.பி. என்பதெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை. தண்ணீர் வராத குழாய், தாலுகா ஆபீஸ், மருமகன் கொடுமை என்று ஒவ்வொருவராக வந்து தமிழும் மலையாளமும் கலந்து கொட்டத் தொடங்கினார்கள். அவர் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், தலையாட்டுவார். ஒரு வார்த்தை புரியாது. சொல்லி முடிக்கும்வரை எழுந்துபோகமாட்டார்.

"எம்.பி.ட்ட சொல்லியாச்சு, இனி பிரச்சினையில்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் லாரி எங்கே நிறுத்துவது என்று வியாபாரிகளுக்கும் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளுக்கும் பெரிய தகராறு. இரண்டு கட்சியும் நேரே அவரிடம் வந்துவிட்டது. சுமடு எடுப்பவர்களுக்குத் தலைவரான தங்கப்பன், "சாரே, ஞான் பறயிறது ஞாயமா இல்லியா?" என்று கத்தினார். எம்.பி. தலையாட்டினார். பெரியப்பா, "அப்பம் நாங்க என்ன முட்டாளா?" என்றார். அதற்கும் தலையாட்டினார். எதிர்த்துப் பேச ஆளில்லாமல் எவ்வளவு நேரம்தான் கத்துவது? இருவருமே களைத்து, டீ வரவழைத்து, லாரி முக்கு தாண்டி நிற்கட்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். அந்த அம்மா என்னிடம், "கல்யாணமான நாளிலிருந்து இவர் ஒரு மனுஷன் பேசி முடிக்கிறவரை கேட்டு நான் பார்த்ததில்லை" என்றார்.

பரிசோதனைக்கு நானும் போனேன். டாக்டர் பேசச் சொன்னதும் வாயைத் திறந்தார். கீறல் விழுந்த ஒரு சத்தம் மட்டும் வந்தது. பெரிய கூட்டத்துக்கு முன்னால் இனி பேச முடியாது என்றார் டாக்டர். எம்.பி. அழுதார். ஆட்டோவில் திரும்பும்போது மனைவியிடம் அந்தக் குரலிலேயே ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன்.

"நிற்கப்போகிறாராம். மேடை வேண்டாமாம். ஊர் ஊராகப் போய் பெஞ்சில் உட்காரப்போகிறாராம்."

ஜெயித்துவிட்டார்! கடை போனுக்குத் தகவல் வந்ததும் பெரியப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார். அடுத்த ஆண்டு அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"குரல் நன்றாகத் திரும்பிவிட்டது. இப்போது யார் பேசினாலும் நடுவில் இவர் பேசுகிறார். அந்த டாக்டரிடம் வேறு ஏதாவது ஆபரேஷன் இருக்கிறதா கேள்."

அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டார் என்று தெரிந்தபோது தங்கப்பனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "இவிட வந்து நிக்கச் சொல்லு. ஞங்க ஜெயிப்பிச்சுத் தாறோம்!"

இப்போது பெரியப்பா இல்லை, தங்கப்பனும் இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். அன்று அதன் வாசலில் சாக்கடை பொங்கி நின்றது. புகார் சொல்ல என்று ஒரு எண்ணைச் சுவரில் எழுதியிருந்தார்கள். கூப்பிட்டேன். ஒரு பெண்குரல் மலையாளத்தில் பேசியது, பிறகு இங்கிலீஷில் பேசியது, ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அதுவாகப் பேசி முடித்து, நன்றி சொல்லி, வைத்துவிட்டது. நான் இன்னும் வாயையே திறக்கவில்லை.