முட்டை அட்டையில் ஏழாம் குழி

மருத்துவமனைத் தோட்டத்துப் புல்வெட்டும் வண்டியை அவள் ஓட்டத் தொடங்கி ஒன்பது வருடம். அதற்கு முன் அதே பாதைகளைத் துடைப்பத்தோடு கூட்டிக்கொண்டிருந்தாள். ஓட்ட விட்டார்களே தவிர, இன்ஜினைத் தொட விட்டதில்லை. வருடா வருடம் புல் தலைதூக்கும் முன் வெளியிலிருந்து ஒரு மெக்கானிக் வருவார்; அரை வேலை பார்த்துவிட்டு முழுசாய்ப் பார்த்ததாகச் சொல்லிப் போவார். இந்த வருடம், "நானே பாத்துடறேன் சார்" என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

"ஏதாவது ஆச்சுன்னா மறுபடி துடைப்பந்தான்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. சிரித்தாலும் சொன்னது நிஜம்தான்.

காலையில் பழைய ஆயிலை வடித்தாள். மேல்மூடியைக் கழற்றினால், போன பருவத்துப் புல்லெல்லாம் உள்ளே அப்பளமாய்க் காய்ந்து ஒட்டியிருந்தது. மரக்குச்சியால் நோண்டி எடுத்தாள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விடும் கார்புரேட்டரைக் கழற்றி அலசி மாட்டினாள், ஸ்பார்க் பிளக் மாற்றினாள். கழற்றும் போல்ட்டுகளை வரிசை மாறாமல் முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போடுவது அவள் வழக்கம். மூடியைப் பூட்டப் போகும்போது பார்த்தால், ஏழாம் குழி காலி.

அட்டையைத் தூக்கி அடியில் பார்த்தாள். கார்புரேட்டரைக் கழற்றியிருந்த நேரமெல்லாம் இன்ஜினின் வாய் திறந்தே கிடந்ததே! போல்ட் உள்ளே போயிருந்தால், சாவியைத் திருப்பியதும் எல்லாம் சுக்குநூறு.

சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் நாத்தனார் டீயோடு வந்தாள். "என்ன அண்ணி, மண்டி போட்டு வண்டியக் கும்பிடறீங்களா?"

"போல்ட் ஒண்ணக் காணோம்டி."

"ஒண்ணுதானே? அது இல்லாமலே மாட்டிடுங்க. யாரு எண்ணப் போறா?"

"எங்க இருக்குன்னு தெரியாம ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

"அந்த மெக்கானிக் ஒரு நாளாவது இப்படி வேர்த்து நான் பாத்ததில்ல."

"அவருக்கென்ன, வந்தாரு, போனாரு. நான் இங்கயே கிடக்கணுமே."

இருவரும் தரையைத் துழாவினார்கள். கிடைக்கவில்லை. இனி இன்ஜினைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் பாகங்களுக்கு இடையில் வைக்கும் கேஸ்கெட் புதிதாக வேண்டும். அதற்கு மேற்பார்வையாளரிடம் போய் நிற்க வேண்டும். மறைக்க வழியில்லை. சொல்லிவிடுவதென்று முடிவு கட்டினாள். அதற்கு முன் ஒரு முறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, இன்ஜினின் மேலிருந்த கனத்த சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தாள்.

டிக். எதிலோ தட்டி நின்றது.

அவள் சக்கரத்திலிருந்து கையை எடுத்தாள். டார்ச் பிடித்திருந்த நாத்தனார்தான் கத்தினாள். "ஐயோ அண்ணி, உள்ள இல்ல! இங்க, வெளியவே ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க!"

இதுவரை கண்ணில் படாத பின்பக்கம், சக்கரத்தின் விளிம்பில் பதித்திருந்த காந்தத்தில் அட்டைப்பூச்சிபோல் ஒட்டியிருந்தது போல்ட். பக்கத்திலிருந்த, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலில் அதன் தலை இடித்ததுதான் அந்தச் சத்தம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள்.

எல்லாம் பூட்டி, புது ஆயில் ஊற்றி, இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒரு முறை இருமிவிட்டுச் சீராக ஓடியது இன்ஜின். சத்தம் கேட்டு மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு போல்ட் கொஞ்சம் ஆட்டம் காட்டிடுச்சு சார். கிடைச்சிருச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, சரி. மத்தியானம் முன்பக்கப் புல்ல வெட்டிடுங்க" என்று சொல்லிப் போனார்.

"வெட்டிடறேன் சார்" என்றாள். இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்டபடி, எழுந்திருக்காமல் வண்டி இருக்கையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.