றோல்ஸ் பொரிக்கப்போன வாக்குகள்

எங்கள் முற்போக்குக் கட்சிக்கு என் முகத்தில் அப்படியொரு காதல். டுசல்டோர்ஃப் நகரசபைத் தேர்தலுக்கு நெடுநாள் முன்பிருந்தே அவர்களுடைய துண்டுப்பிரசுரங்களில் நான்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். நான் ட்ராம் ஓட்டுகிறவள். படம் பிடிக்கச் சீருடையோடு போனேன். "சேலை இல்லையா? கொஞ்சம் நிறமாக இருக்குமே" என்றார் கிளைத் தலைவர். நிறத்துக்கு என் முகம் போதாதாம்!

படமாக இருந்தது போதும், ஆசனம் தாருங்கள் என்று கேட்டேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு டெர்மினுக்காக, ஒரு சந்திப்பு நேரம் கிடைப்பதற்காக, எங்கள் சனம் விடியமுன்னரே குளிரில் நிற்பதை ட்ராமில் இருந்து பார்க்கிறவள் நான். அதைச் சபையில் எழும்பிக் கேட்க ஒரு நாதியில்லை. தலைவர் நெஞ்சில் கைவைத்து உருகினார். கட்சியின் வேட்பாளர் பட்டியலில் வெல்லக்கூடிய இடத்துக்கு நான் போட்டியிடலாம், ஆனால் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் முடிவாகும் என்றார். எதிரே நின்றது அவருடைய செயலாளர். இனவெறி பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நான் பட்டதை எனக்கே விளங்கப்படுத்துவார்.

சரி, வாக்குத்தானே? அக்கா, அத்தான், தெரிந்த குடும்பங்கள் என்று ஒரு பெருங்கூட்டத்தைக் கட்சியில் சேர்த்தேன். அவர்கள் வந்து வாக்குப் போட்டால் ஆசனம் எனக்குத்தான்.

வாக்கெடுப்பு நாளன்று கட்சிக் கூட்டத்துக்கு வந்தார்கள். வெறுங்கையோடு வரத் தெரியுமா எங்கள் ஆட்களுக்கு? மட்டன் றோல்ஸைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து மண்டபத்துக் குசினியில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டார்கள்.

"அக்கா, முதல்ல வந்து இருங்கோ. வோட்டுப் போட்டிட்டுப் பொரிக்கலாம்."

"உனக்கென்ன விசரே? வந்த சனம் ஆறின றோல்ஸையோ தின்னுறது?"

வந்த சனமாம்! தானும் அந்தக் கட்சி உறுப்பினர் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. அவளுக்கு அது தன் வீட்டுப் பிறந்தநாள்.

வேட்பாளர்களை மேடையில் இருத்தினார்கள். தலைவர் குசினிக்குள் போய், அற்புதம், இன்னொரு தட்டுக் கிடைக்குமா என்று கெஞ்சுவது எனக்குக் கேட்டது. அக்காவுக்கு வாயெல்லாம் பல். அவர் வெளியே வந்தார், குசினிக் கதவைச் சாத்தினார், வாக்கெடுப்பைத் தொடங்கினார்.

"எங்கள் ஆட்கள் உள்ளே நிற்கிறார்கள், கூப்பிடுங்கள்!" என்று ஜெர்மனில் கத்தினேன்.

"வேட்பாளர்கள் குறுக்கிடக் கூடாது" என்றார். எனக்குச் சனநாயகம் படிப்பிக்கிறார், தாடியில் றோல்ஸ் தூளோடு. தூ! நான் இறங்கி ஓடிக் கதவைத் திறப்பதற்குள் வாக்குப்பெட்டியை மூடிவிட்டார்கள்.

சில வாக்குகளால் தோற்றேன். பட்டியலில் எவரும் வென்றறியாத கடைசி இடத்தில் என்னைப் போட்டுவிட்டு, பன்முகத்தன்மைக்கு வெற்றி என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். சுவரொட்டிக்கு மட்டும் என் முகம் வேண்டுமாம்.

அப்போதுதான் அக்கா ஆவி பறக்கும் தட்டோடு வந்தாள்.

"எப்ப வோட்டு?"

"முடிஞ்சுது."

"ஐயோ! ஆர் வெண்டது?"

செயலாளரைக் காட்டினேன். அவர் சிரித்தபடி தட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைப் பிடுங்கினேன்.

"என்னடி இது! சாப்பிட வந்தவைக்கு முன்னால தட்டைப் பறிக்கிறதே?" என்று அக்கா என்னிடமிருந்து அதைத் திருப்பிப் பறித்து, அவரிடமே முதலில் நீட்டினாள்.

"எடுங்கோ தம்பி, சுடச்சுட இருக்கு."