பக்கத்து வீட்டு வேலிக்குக் கவாத்து

எங்கள் தாமான் குடியிருப்பு பிரிஞ்சாங் டவுனுக்கு வெளியே, சாலை ஒரு வளைவு எடுத்து இறங்குகிற இடத்தில் இருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தார் ரோடு, அவ்வளவுதான். பகலில் அந்த ரோட்டில் நடந்தால் நம் செருப்புச் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்பிக் கதவு, அதற்குப் பின்னால் ஒரு மரக்கதவு. இரண்டுமே சாத்தித்தான் இருக்கும். உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால், வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் இங்கே வந்தது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து. அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா தேயிலைச் செடிகளுக்குக் கவாத்து வெட்டியவர். தோட்டத்தில் வேலை இருக்கும் வரைதான் வீடு. இரண்டு பேருக்கும் வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதாகிவிட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கம்போங் ராஜா பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். அதனால் இந்த வீட்டை எடுக்க முடிந்தது.

அம்மாவுக்கு வீடு பிடித்துப்போனது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு, "எப்பா, இவ்வளவு நாளா வெறகடுப்புல தண்ணி காயவச்சு குளிச்சோமே, பைத்தியங்களாட்டம்," என்று சிரித்தார். அப்பா வாசலுக்கு நேராக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். காலையில் கதவைத் திறந்தால் இருட்டுகிற வரைக்கும் திறந்தே வைத்திருப்பார்.

லயத்தில் அப்படித்தான். பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். ஒரு வீட்டுக் கதவு வெளிச்சத்தில் சாத்தியிருந்தால், அங்கே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். உடம்பு முடியவில்லை, அல்லது புருஷன் பெண்டாட்டி சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டுவார். "என்னா, உள்ள என்னா நடக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். கேட்காமல் போனால், மறுநாள் பெரட்டுக் களத்தில், எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் இடத்தில், அவருக்குத்தான் திட்டு விழும்.

இங்கே அப்பா கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார். கார்கள் போகும். அப்பா கையைத் தூக்குவார். சிலர் கண்ணாடிக்குள்ளிருந்து தலையசைப்பார்கள்.

"யாருக்குங்க கை காட்டுறீங்க? அந்தாளு போன்ல பேசிக்கிட்டுப் போறான்," என்பார் அம்மா.

"காட்டுனா கொறஞ்சா போயிடும்?"

பக்கத்து வீட்டில் ஒரு சீனத்து ஆண்ட்டி தனியாக இருந்தார். முன்பு டவுனில் காய்கறிக் கடை வைத்திருந்தவர். மகள் ஈப்போவில். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆண்ட்டியின் பக்கமாக நட்டு வளர்த்த ஒரு மர வேலி, ஊசி ஊசியான இலை, கிறிஸ்மஸ் மரத்து இனம். ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நின்றது. அதற்குப் பின்னால் ஆண்ட்டி இருமுவதும் துணி உதறுவதும் எங்களுக்குக் கேட்கும். ஆளைப் பார்க்க முடியாது.

ஒரு நாள் ஆண்ட்டி கேட்டைத் திறந்து எங்கள் வாசலுக்கே வந்தார். அப்பா பதறி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். ஆண்ட்டி உட்காரவில்லை. வேலி தலைக்கு மேல் போய்விட்டது, ஆள் கிடைக்கவில்லை, அங்கிள் தோட்டத்தில் இருந்தவர்தானே, கொஞ்சம் வெட்டிவிட முடியுமா என்று மலாயில் கேட்டார். அவர் இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

"போலே, தவுக்கேசோ, போலே," என்றார் அப்பா. முடியும், முடியும். கடைக்கார முதலாளியம்மாவை அப்படித்தான் அவர் கூப்பிட்டுப் பழக்கம்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கவாத்துக் கத்தியைத் தீட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வரும்போது அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். எங்களுக்கே தெரியாது. தீட்டிக்கொண்டே எதையோ முணுமுணுத்துப் பாடினார். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். "பாரு உங்கப்பாவ. மாப்ள கணக்கா ஆயிட்டாரு."

மறுநாள் பள்ளி முடிந்து வந்து காரை நிறுத்தியபோது வேலி இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெறும் கட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு கட்டையும் சாய்வாக, ஒரே வெட்டில், பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய கிளைகளை அப்பா கட்டைகளின் மேலேயே பரப்பியிருந்தார். தேயிலைக்கு அப்படித்தான் செய்வார்கள், கவாத்து வெட்டிய செடியில் வெயில் நேராகப் பட்டுக் கருகிவிடக் கூடாது என்று.

"குப்பைய அள்ளிப் போட வேண்டியதுதானே?" என்றார் அம்மா.

"அது குப்பை இல்ல. போர்வை."

எனக்குத் திக்கென்றது. ஆனால் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சட்டையெல்லாம் வேர்வை, காதோரம் ஊசி இலை ஒட்டியிருக்கிறது. "பூரா கெழட்டுக் கட்ட. வருஷக்கணக்கா தலைய மட்டும் மொட்டையடிச்சு விட்டுருக்கானுங்க, சோம்பேறிப் பசங்க. இப்பப் பாரு, எப்படித் துளுக்குதுன்னு," என்றார். நானும் நம்பினேன். கவாத்து வெட்டிய மலை தீப்பிடித்து எரிந்த மாதிரி கிடக்கும், பிறகு ஒரு நாள் பார்த்தால் அடியிலிருந்து பச்சை ஏறியிருக்கும். நான் அதைப் பார்த்து வளர்ந்தவன். எங்களுக்கு ஒரே ஒரு செடியைத்தான் தெரியும்.

ஆண்ட்டி திரும்பி வந்து, பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். "அய்யோ," என்றார். பிறகு இன்னும் ஒரு முறை, மெதுவாக, "அய்யோ."

"நந்தி தும்போ, தவுக்கேசோ," என்றார் அப்பா. அப்புறம் முளைக்கும். கையால் தரையிலிருந்து மேலே ஏறுவது மாதிரி காட்டினார்.

ஆண்ட்டி அப்பாவின் கையைப் பார்த்தார். அதில் ஒரு கீறல் சிவந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அந்தத் தாமானில் அப்பாவுக்கு நல்ல நாட்கள். நடுவில் மறைப்பு இல்லை. ஆண்ட்டி துணி காயப்போட வந்தால் அப்பாவைப் பார்க்காமல் இருக்க முடியாது. காலையில் அப்பா கட்டைகளைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நடப்பார். ஆண்ட்டி அங்கிருந்து, "சூடா தும்போ?" என்பார். முளைச்சாச்சா?

"பெலோம் லா," என்பார் அப்பா. இன்னும் இல்லை.

முதலில் அது கேலியாகத்தான் இருந்தது. பிறகு அது ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. அதைத் தொட்டுப் பேச்சு வளர்ந்தது. கடை வைத்திருந்த காலத்தில் லெம்பா பெர்த்தாமிலிருந்து கோஸ் ஏற்றி வந்த லோரிகள், பனி இறங்கினால் வழி தெரியாத ரோடு, ஆண்ட்டியின் முட்டி வலி, அப்பாவின் முட்டி வலி. ஒரு நாள் ஆண்ட்டி ஒரு கட்டு சீனத்துச் சாவிக் கீரையைக் கட்டைகளுக்கு மேலாக நீட்டினார். அம்மா அடுத்த நாள் ஒரு கிண்ணத்தில் பருப்பு ரசம் கொடுத்தார். "காரம், காரம்," என்று ஆண்ட்டி நாக்கை நீட்டிக் காட்டியதைச் சொல்லி அம்மா இரண்டு நாள் சிரித்தார்.

ஆனால் கட்டைகள் அப்படியே இருந்தன.

பள்ளியிலிருந்து வரும் வழியில் பூச்செடி விற்கும் தமிழ் அண்ணன் ஒருவர் இருக்கிறார். காரை நிறுத்தி, போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாரு தம்பி இப்படி வெட்டுனது?"

"எங்கப்பா."

"தேயிலைக்காரரா?" என்றார் உடனே. சிரிக்கவில்லை. "இந்த எனத்துக்கு எல இருக்குற எடத்துலதான் கத்தி வைக்கணும் தம்பி. வெறும் கட்டையில வெட்டிட்டா மறுபடி துளுக்காது. அது முடிஞ்சிருச்சு."

வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வேலி ஓரமாக நடந்தேன். பரப்பிய கிளைகள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. ஒன்றை விலக்கினேன். கட்டையின் பட்டையில் நகத்தால் கீறிய தடம். அடுத்த கட்டையிலும் இருந்தது, அதற்கு அடுத்ததிலும். தோட்டத்தில் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். பட்டைக்குக் கீழே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. மேலே ஒரு கீறல், அது பழுப்பு. கொஞ்சம் கீழே இன்னொன்று, அதுவும் பழுப்பு. சில கட்டைகளில் மண் வரைக்கும் கீறல்கள் இறங்கியிருந்தன. பழையவை, புதியவை என்று இருந்தன. அப்பாவுக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு காலையும் "பெலோம் லா" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கிளையைத் திரும்ப மூடி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கடைசியில் அப்பாவே சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை, நான் கார் கழுவிக்கொண்டிருந்தேன். ஆண்ட்டி துணிக் கூடையோடு வந்து வழக்கம்போல, "சூடா தும்போ, அங்கிள்?" என்றார்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து வேலி வரை நடந்து போனார். "தவுக்கேசோ. மாத்தி," என்றார். செத்துப்போச்சு. "சாயா சாலா." என் தப்பு.

ஆண்ட்டி கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். எனக்குத் தெரியும் அங்கிள் என்றார். மகள் முன்பே சொல்லிவிட்டாளாம். பரவாயில்லை, பரவாயில்லை என்றார். பிறகு, தனியாக இருப்பதால் மகளுக்குப் பயம், ரோட்டில் போகிறவர்களுக்குப் பக்கவாட்டில் வீடு முழுக்கத் தெரிகிறது, மறைப்பு அடிக்க மகள் ஆள் அனுப்புகிறாள் என்றார். சொல்லும்போது அப்பாவைப் பார்க்காமல் கூடையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த வாரம் இரண்டு பேர் லோரியில் வந்தார்கள். கட்டைகளை வேரோடு பிடுங்கி ஏற்றினார்கள். அந்த இடத்தில் கம்பம் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்தார்கள். வேலியின் நீளம் முழுக்க, வாசல் கேட்டிலிருந்து பின் வாய்க்கால் வரை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னார். ஆணி அடிக்கிற சத்தம் நின்றதும், "நல்ல நேராத்தான் அடிச்சிருக்கானுங்க," என்றாராம்.

தகரத்துக்குப் பின்னால் ஆண்ட்டி இருமுவது கேட்கும். ஒரு முறை அம்மா இந்தப் பக்கமிருந்து, "தவுக்கேசோ, ரசம் வேணுமா?" என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். அங்கே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்திருக்கும். பதில் வரவில்லை.

இது நடந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு பிற்பகல். நான் பள்ளியிலிருந்து வந்து காரை நிறுத்தினேன். எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கம்பிக் கதவும் மரக்கதவும், இரண்டும். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. காரின் கதவைக்கூட மூடாமல் ஓடினேன். "அப்பா! அம்மா!" என்று தட்டினேன். அந்த ரோட்டில் என் சத்தம் மட்டும்தான் கேட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து வந்து திறந்தார். "எதுக்குடா இப்படிக் கத்துற?"

அப்பா கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. நாற்காலி மட்டும் திரும்பியிருந்தது, முதுகு வாசல் பக்கம்.

"ஏம்ப்பா கதவச் சாத்தி வச்சிருக்கீங்க? நான் பயந்தே போய்ட்டேன்."

அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். அதில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவருக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

"எதுக்குப் பயப்படுற?" என்றார். "இங்க எல்லாரும் அப்படித்தான சாத்தி வச்சிருக்காங்க."