மடித்து எண்ணிய மூச்சு

நாற்பது. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை இருமினால், அது அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். நாற்பதோ அதற்கு மேலோ போனால் நிமோனியாவாக இருக்கலாம். கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டரிடம் ஓடுங்கள்.

மேற்கு தாம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கும் முனீருக்கு இது மனப்பாடம். தடுப்பூசி போட்ட நர்ஸ் சொன்னது. மூன்று வயது அய்மானுக்குச் சளியும் காய்ச்சலும் வந்ததும், தூங்கும் மகனின் சட்டையைத் தூக்கிவிட்டு எண்ணினார். ஐம்பத்தாறு.

மச்சினன் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டிருந்த ஷெர்வானியை மெஷினிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். மனைவி சித்திகா கூடவே ஓடிவந்து ஏறினாள்.

டாக்டர் தமிழினி, முனீர் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, பிள்ளையைத் தாய் மடியில் இருத்தி, அவன் அடங்கும்வரை காத்திருந்து எண்ணினார். தொண்டை, காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார்.

"எனக்கு முப்பதுதான் வருது. நீங்க எப்படிண்ணா எண்ணுனீங்க?"

"முழு நிமிஷம் மேடம். இருபத்தெட்டு வந்துச்சு. ரெண்டால பெருக்கிட்டேன்."

"ஏன் பெருக்குனீங்க?"

முனீருக்கு அது கைப்பழக்கம். துணியை இரண்டாக மடித்துப் போட்டு, பாதியை அளந்து இரட்டிப்பாக்கியே பழகிய ஆள்.

சித்திகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாயும். "இன்னாங்க இது? புள்ள இன்னா பேன்ட் துணியா, மடிச்சுப் போட்டு அளக்க?"

டாக்டர் சிரித்தே விட்டார். அய்மானும், எதற்கென்று தெரியாமலே.

"வைரஸ் சளிதான். ஆன்டிபயாடிக் வேணாம், நீங்களா கடையில வாங்கியும் குடுக்காதீங்க. காய்ச்சலுக்கு இந்த சிரப், தண்ணி நெறைய. மூச்சு வேகமானா, நெஞ்சு உள்ள இழுத்தா, எதையும் குடிக்கலன்னா ஒடனே தூக்கிட்டு வாங்க. பயந்து வந்தீங்க பாருங்க, அது தப்பே இல்ல."

"வர்ற ஞாயித்துக்கிழம கோவளத்துல கல்யாணம் மேடம்..." என்று இழுத்தார் முனீர்.

"அதுக்குள்ள ஓடி ஆடுவான். போங்க."

ஆடினான். புது ஷெர்வானி போட்ட மாமன் தோளில் ஏறி ஆடினான். பிரியாணி தின்ற களைப்பில் அத்தா மடியிலேயே தூங்கிப்போனான். முனீரின் கண் அவன் வயிற்றுக்குப் போனது.

"எண்ணுங்க, எண்ணுங்க. பெருக்க மட்டும் பெருக்காதீங்க," என்றாள் சித்திகா.

பெருக்கவில்லை. இருபத்தாறு.