நோன்பு மாதத்தில் ருசி பார்த்தவள்

தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சாக்லேட் செய்வதில் எனக்குப் பெரிய கஷ்டம் இல்லை. கொக்கோக் கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, சர்க்கரையோடு கிரைண்டரில் போட்டு இரண்டு நாள் ஓடவிடுவேன். நடுநடுவே ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டால் என்ன குறை என்று தெரிந்துவிடும். எங்கள் செஞ்சியில் கரண்ட் போகும், வெயில் நாளில் மலையெல்லாம் சூடேறி வீட்டுக்குள் அனல் வரும், அதையும் சமாளித்துவிடலாம். என்னைப் படுத்துவது என் சொந்தப் பெருநாள்தான். ரம்ஜானுக்கு ஆர்டர் குவிகிற மாதம் முழுக்க எனக்கு நோன்பு, வாயில் எதையும் வைக்க முடியாது.

நோன்பு திறந்தபிறகு ருசி பார்க்கலாமே என்பார்கள். பகலெல்லாம் காய்ந்த நாக்குக்கு மண்ணைக் கொடுத்தாலும் இனிக்கும். பிள்ளைகளைக் கேட்டால் எல்லாமே சூப்பர். அக்கம்பக்கத்தில் கொடுத்தால் ரொம்ப நல்லா இருக்குது என்று இன்னொன்று கேட்பார்கள்.

சரியான நாக்கு என் ஓரகத்திக்குத்தான், என் கொழுந்தனின் மனைவி. உப்பு ஒரு கல் குறைந்தாலும் சொல்லிவிடுவாள். மாதவிலக்கு நாட்களில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டதால் அந்த விடுமுறையும் இல்லை. அவளுக்கு ரம்ஜானில் ஏதாவது ஒரு வாரம் வரும், அந்த வாரத்தில் மொத்த சாக்லேட்டையும் அரைத்து அவள் வாயில் போட்டுப் பார்ப்பேன். அவள் நாளைக் கணக்குப் பண்ணித்தான் என் வியாபாரமே நடந்தது.

போன வருடம் பாதி மாதம் போயும் அவள் நோன்பு பிடித்துக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம், குழந்தை இல்லை. வீட்டில் எல்லோரும் மனதுக்குள் நாளை எண்ணினோம். டாக்டரிடம் பெருநாள் கழித்துப் போனால் போதும் என்றார் மாமியார். விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டில் அவள் தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதலாக விழுந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடவில்லை.

“இன்னாடி, இந்த வருஷம் உனக்கு லீவே இல்லியா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா” என்று தலையைக் குனிந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எரிச்சல் அதைவிட அதிகம், பொய் சொல்ல மாட்டேன். ருசி பார்க்காத மூன்று பாத்திரம் சாக்லேட் என் முன்னால் கிடந்தது. பிள்ளை உண்டாக இவளுக்கு வேறு மாதம் கிடைக்கவில்லையா என்றுகூட மனதுக்குள் திட்டினேன்.

பெருநாளுக்கு நாலு நாள் முன்பு, மத்தியானம். அனந்தபுரத்துக் கடைக்காரர் மறுநாள் காலையிலேயே பெட்டிகள் வேண்டும் என்று போன் பண்ணிவிட்டார். உருக்கிய சாக்லேட்டைக் கிண்டியபடி, உப்பு போதுமா போதாதா என்று தவித்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி வந்து பக்கத்தில் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். கையை நீட்டினாள்.

“குடுங்கக்கா, பாத்து சொல்றேன்.”

நான் பார்த்தது அந்தக் கையை மட்டும்தான். “அல்ஹம்துலில்லாஹ்! நல்ல நேரத்துல வந்தடி!” என்று கத்தினேன். என் தறுதலை வாய். கூடத்தில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த மாமியார் என் சத்தத்தில்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். சமையல்கட்டு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். அவள் வாயில் ஸ்பூன் இருந்தது.

“அதானே. நமக்கு எங்க அந்தக் குடுப்பினை” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அவள் சாக்லேட் கரைகிறவரை காத்திருந்தாள். நன்றாகக் கரைந்தால்தான் அடித்தொண்டைக் கசப்பு தெரியும் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். விழுங்கினாள்.

“உப்பு கொஞ்சம் கம்மிக்கா. மத்தபடி நல்லா இருக்குது.”

உப்பைப் போட்டேன். இரண்டாவது பாத்திரத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து நீட்டினேன். சரி என்றாள். மூன்றாவதையும் நீட்டினேன். அதை விழுங்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. எனக்கு அவசரம், “சீக்கிரம் சொல்லேன்” என்றேன். சரியா இருக்குது என்று சொல்லிவிட்டு ஸ்பூனைக் கழுவி வைத்தாள்.

மூன்றும் தேறிவிட்டது என்று நிம்மதியான பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.