பைய கொண்டாங்க

சனி ஞாயிறு ஓய்வாக இருக்கலாமென்று நானும் என் வீட்டுக்காரரும் முக்கூடல் பக்கம், ஆற்றங்கரைத் தோப்புக்குள் இருக்கும் பங்களா ஹோட்டலுக்குப் போனோம். அறை தயாராகவில்லை என்றார்கள். இரண்டு பைகளையும் வரவேற்பறையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். கூடத்து வாசலில் 'வெளி உணவுக்கு அனுமதியில்லை' என்று பலகை. படித்துவிட்டு இருவரும் ஆற்றை வேடிக்கை பார்த்தோம்.

பரிமாறுகிறவர் சென்னைக்காரர். "சாப்பாடு கொண்டு வரட்டுமா சார்?" என்றார்.

"அவசரம் ஒண்ணுமில்ல தம்பி, பைய கொண்டாங்க" என்றார் இவர்.

எங்கள் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக. சென்னையில் அது தோளில் மாட்டுகிற சாமான். போனவர் எங்கள் பை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திவந்து வெள்ளை விரிப்பின்மேல் வைத்தார். கட்டுச்சோற்றின் புளி வாசம் கூடம் முழுக்கப் பரவியது. பக்கத்து மேசையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது; அத்தனை கண்ணும் எங்கள்மேல்.

"இன்னொன்னும் இருக்கே, அதையும் கொண்டு வரட்டுமா சார்?" என்று உரக்கக் கேட்டார் அவர்.

குரலைத் தணிக்கச் சொல்லி, "பைய, பைய!" என்று பதறினார் இவர். இந்த மனுஷனுக்கு வேறு வார்த்தையே வாயில் வராதா?

சென்னைக்காரர் தலையாட்டிவிட்டு ஓடினார். அந்தப் பையில்தான் பொரித்த கருவாடு இருந்தது.